கூடு விட்டுக் கூடு பாய்ந்த கணிப்பொறி

நாமக்கல் நகரைச் சுற்றியுள்ள பட்டறைகளில் லாரிக்குப் 'பாடி' கட்டும் தொழிலைக் காணாதவர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். நிறுவனத்திலிருந்து வரும் வண்டி வெறும் சேசிஸாகவே வருகிறது. பொறியும் சக்கரமும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களுமே அதன் உடைமை. அதன்மேல் மரமும் தகடும் கொண்டு பாடி எழுப்புவது நம் ஊர்க் கொல்லரும் தச்சரும் ஓவியரும் கூடிச் செய்யும் வேலையாகும். திருச்செங்கோட்டில் இஃது இன்னும் ஒருபடி மேலே செல்லும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் எந்திரம் லாரியின்மீது பொருத்தப்படுகிறது. வண்டி தேய்ந்து, ரிக் நன்றாக இருப்பின், அதனை இறக்கி வேறொரு வண்டியில் ஏற்றிக்கொள்வதும் உண்டு. சுமப்பது வேறு, சுமக்கப்படுவது வேறு என்னும் உண்மையை இப்பகுதி மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

சென்ற கல்வியாண்டில் எங்கள் தமிழ்த்துறையிலும் ஏறக்குறைய இத்தகைய வேலையொன்று நிகழ்ந்தது. இறக்கி ஏற்றப்பட்டது இரும்பன்று; ஒரு முழுக் கணிப்பொறி. அதற்கு உடலில்லை, திரையில்லை, விசைப்பலகையில்லை. லினக்ஸ் இயங்கும் ஒரு பெட்டிக்குள் அது குடியிருந்தது. அங்கிருந்து வேறொரு லினக்ஸ் பெட்டிக்குக் குடிபெயர்ந்தது. இத்தகைய உடலற்ற கணிப்பொறியை மெய்நிகர்ப் பொறி என்பர். அது குடிபெயர்ந்த கதையையும், அதில் எங்களுக்கு நேர்ந்த பிழையையும் சற்று விரிவாகவே எழுத எண்ணுகிறோம். தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிக் கட்டுரை எதற்கென்று வினவும் பெரியோர், பொறுமையுடன் மேலே படிக்க வேண்டுகிறோம். இதில் பணயமாக நின்றது தமிழே.

எங்கள் துறைக்கு 2003ஆம் ஆண்டில் கணிப்பொறியொன்று வாங்கப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பி அதன் இயங்குதளம்; பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கர் 7; தமிழுக்கென ஒரு நிறுவனத்தின் எழுத்துருத் தொகுப்பு. அத்தொகுப்புடன் விரலளவான ஒரு பூட்டும் தந்தனர். யூ.எஸ்.பி. வாயிலில் அதனைச் செருகினாலன்றி விசையை எத்தனை தட்டினும் தமிழ் எழுத்து திரையில் தோன்றாது. இம்மலரின் 2003 முதல் 2019 வரையிலான இதழ்கள் அதில்தான் உருவாயின. முதுகலை மாணவர்தம் ஆய்வேடுகள் பலவும் அதிலேயே தட்டச்சாயின. இவற்றுக்கெல்லாம் மேலாக, எங்கள் மேனாள் துறைத்தலைவர் தம் பணிக்காலத்திலும் ஓய்வுக்காலத்திலுமாகத் தொகுத்துவந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கிய அருஞ்சொல் அகரமுதலி அதில் இருந்தது. 1572இல் அரங்கேறிய ஆயிர மசலா தொடங்கி, சீறாப்புராணம், நாமா, கிஸ்ஸா, முனாஜாத்து, படைப்போர் என வளர்ந்த இலக்கியப் பரப்பில் வழங்கும் அரபு, பாரசீகச் சொற்களுக்குப் பொருளும் மேற்கோளும் தரும் அரிய தொகுப்பு அது. பேராசிரியர் ஐயா 2022இல் மறைந்தார். அகரமுதலி இன்னும் அச்சேறவில்லை. கையெழுத்துச் சீட்டுகள் சில உண்டு. முழுமை கணிப்பொறியில் மட்டுமே உண்டு.

கோப்புகளைப் பென்-டிரைவில் எடுத்துப் புதிய கணிப்பொறியில் இட்டுவிட்டால் ஆகாதா, அதற்காகப் பழைய கணிப்பொறியை முழுவதுமாகத் தூக்கிச் சுமப்பானேன் என்ற வினா இங்கே எழும். எழ வேண்டிய வினாதான். விடை தமிழ் எழுத்து கணிப்பொறிக்குள் புகுந்த வரலாற்றில் உள்ளது.

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது; எண்ணாகவே அறியும். அக்காலத்து முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு; ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும். முதல் 128 இடங்களை ஆங்கிலமும் குறிகளும் கொண்டன. எஞ்சிய இடங்களில் தமிழை எவ்வாறு அமர்த்துவது என்பதில் ஒருமையில்லை. தொண்ணூறுகளில் எழுத்துரு விற்ற ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பப்படி அமர்த்திக்கொண்டது. சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை ஏற்றினர். ஒருவர் வீட்டில் ககரம் அமர்ந்த நாற்காலியில் மற்றொருவர் வீட்டில் ணகரம் அமர்ந்திருந்தது. எழுத்துரு மாறினால் கட்டுரை முழுதும் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் கலந்த குப்பையாகக் காட்சியளிக்கும். அச்சகத்தில் இவ்வவலத்தைப் பட்டறியாத ஆசிரியர் அந்நாளில் எவருமிலர்.

இதனை நேர்செய்யவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்-99 மாநாடு கூடியது. தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளும் அதன் பயனாக வந்தன. ஆயினும், முன்னரே நிறுவனங்களின் தொகுப்புகளை வாங்கிப் பழகியோர் பலர் அவற்றிலேயே தொடர்ந்தனர். யூனிகோடு முறையில் 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு அரசு 2010இல் அதனைத் தரமாக ஏற்றது. பேஜ்மேக்கரோ இறுதிவரை யூனிகோடை அறியாமலே மறைந்த மென்பொருள்.

இரு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இலக்கணம் பயில்வோர்க்குச் சுவை தருவது. 'கொ' என்னும் எழுத்தைப் பழைய எழுத்துரு மூன்று துண்டாக வைக்கும். முதலில் கொம்பு, நடுவே ககரம், ஈற்றில் கால். கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. அச்சுக் கோப்பவர் ஈய எழுத்தை அடுக்கிய வரிசையும் அதுவே. யூனிகோடோ ககரத்தை முதலில் வைத்து, ஒகரக் குறியை அதன்பின் வைக்கும். மெய் முன்னும் உயிர் பின்னும் நிற்கும் ஒலிவரிசை இது. தொல்காப்பியம் கற்றவர்க்கு இவற்றுள் எது தமிழ் மரபுக்கு அணுக்கமானது என்று சொல்லத் தேவையில்லை. ஆக, ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகையில் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. எழுத்தின் உறுப்புகளை இடம்பெயர்த்து அடுக்கவும் வேண்டும். மாற்றிகள் பல உள்ளன. அறிந்த எழுத்துருவாயின் அவை நன்றாகவே பணிபுரிகின்றன.

எங்கள் இடர் அதற்கும் அப்பாற்பட்டது. பேராசிரியர் ஐயா அரபியின் இருவகைக் ககரங்களையும், மூவகைச் சகரங்களையும், தமிழில் இல்லாத தொண்டை ஒலிகளையும் வேறுபடுத்திக் காட்ட, தமிழ் எழுத்தின் கீழும் மேலும் புள்ளியிடும் முறையொன்றை வகுத்திருந்தார். எழுத்துருவில் வெற்றிடமாக இருந்த சில எண்களில் அப்புள்ளி வடிவங்களைத் தனியே செய்து அமர்த்தினர். உலகிலுள்ள எந்த மாற்றிக்கும் அவை தெரியா. அவ்வெழுத்துருவும் அப்பூட்டும் அந்த எக்ஸ்பியும் ஒருங்கே இருக்குமிடத்தில் மட்டுமே அகரமுதலி அகரமுதலியாகத் தோன்றும். ஏனைய இடங்களில் அது புதிர்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் நிறுத்தியது. அவ்வாண்டிலேயே எங்கள் கணிப்பொறியின் தாய்ப்பலகையும் உயிர்விட்டது. நல்வாய்ப்பாக நிலைவட்டு பழுதுறவில்லை. பெங்களூரில் பணியாற்றும் எம் முன்னாள் மாணவர் ஒருவர், இரமலான் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, அவ்வட்டை அப்படியே ஒரு கோப்பாகப் படியெடுத்து, லினக்ஸ் கணிப்பொறிக்குள் மெய்நிகர்ப் பொறியாக உயிர்ப்பித்துத் தந்தார். தனியே விலைகொடுத்து வாங்கிய உரிமமாதலால் அதனை இடம்மாற்றிக்கொள்வதில் தடையிருக்கவில்லை. பேராசிரியர் ஐயா மீண்டும் அதே திரையின்முன் அமர்ந்து, பழைய தட்டச்சுப்பொறி விசைமுறையில், எதுவும் மாறாததுபோல் தட்டத் தொடங்கினார். "பெட்டிதான் வேற, தம்பி. உள்ள இருக்கறது என் ஆள்தான்" என்று அவர் சொன்னது நினைவில் நிற்கிறது. மெய்நிகர்ப் பொறிக்கு இதனினும் சிறந்த விளக்கத்தை நூல்களில் யாம் கண்டிலோம்.

இக்கருத்து புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அறுபதுகளிலேயே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த தம் ஆய்வு நிலையத்தில், ஒரு பெருங்கணிப்பொறியைப் பல கணிப்பொறிகள்போல் நடிக்கச் செய்தனர். 1972இல் அது வி.எம்./370 என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் மேசைக் கணிப்பொறிகளில் இது கைகூட நெடுங்காலமாயிற்று; அவற்றின் செயலி இதற்கென அமைக்கப்பட்டதன்று. வி.எம்.வேர் நிறுவனம் 1999இல் ஒரு சூழ்ச்சியால் அதனை இயலச் செய்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சென் உருவாயிற்று. (இக்கலைக்கும் கேம்பிரிட்ஜ் என்னும் பெயருக்கும் என்ன உறவோ!) அதே 2003இல் பிரான்சு நாட்டு ஃபாப்ரிஸ் பெல்லார் கியூஎமு என்னும் மென்பொருளை வெளியிட்டார். இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் 2005, 2006ஆம் ஆண்டுகளில் செயலிக்குள்ளேயே இதற்கு வழிசெய்தன. அவ்வழியைப் பயன்கொள்ளும் கேவிஎம் என்னும் பகுதி 2007 பிப்ரவரியில் லினக்ஸின் கருவிலேயே இணைந்தது. அன்றிலிருந்து, லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991இல் தொடங்கிய லினக்ஸ், கட்டணமின்றிக் கிடைக்கும் மெய்நிகர்ப் பொறிப் பட்டறையாகவும் ஆயிற்று. 2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் என்னும் பெயரில் மாணவர் பலர் கண்டதும் இந்த லினக்ஸின் ஒரு வடிவமே; அது சென்னை சி-டாக் மையத்தில் உருவானது.

பத்தாண்டுகள் கழிந்தன. பேராசிரியர் ஐயாவின் 'ஆள்' குடியிருந்த லினக்ஸ் பெட்டியும் முதுமையடைந்தது. மின்விசிறி இரைந்தது, மின்சாரம் நின்று வந்தால் எழுந்திருக்க மறுத்தது, வட்டில் பழுதுற்ற பகுதிகள் பெருகுவதாக எச்சரிக்கை வந்தது. நிருவாகம் புதிய கணிப்பொறியொன்றை வழங்கியது. பழையதைக் கழிவுப்பொருள் எடுப்பவரிடம் ஒப்படைக்க ஒரு வெள்ளிக்கிழமை மாலை குறிக்கப்பட்டது. எங்களுக்கு மூன்று நாள்கள் இருந்தன.

மெய்நிகர்ப் பொறி என்பது எதனால் ஆயது என்பதை இங்கே கூற வேண்டும். அது பெரும்பாலும் இரண்டு பொருள்களால் ஆயது. ஒன்று, வட்டுக் கோப்பு. மெய்யான கணிப்பொறியின் நிலைவட்டில் உள்ள அனைத்தும் இந்த ஒற்றைக் கோப்பில் அடங்கும். எக்ஸ்பி தனக்கு 40 ஜிபி வட்டு இருப்பதாக நம்பும். ஆனால் கியூகவ்2 என்னும் அமைப்பில் வைத்த கோப்பு, எழுதப்பட்ட அளவுக்கே, அதாவது 9 ஜிபி அளவுக்கே, இடம் கொள்ளும். மற்றொன்று, பொறியின் விவரக் குறிப்பு. நினைவகம் எவ்வளவு, செயலி எவ்வகை, வலையட்டையின் எண் யாது, வட்டுக் கோப்பு எங்குள்ளது என்பனவெல்லாம் அச்சிறு குறிப்பில் இருக்கும். வட்டு உடைமையென்றால் குறிப்பு சாதகம். வட்டை மட்டும் கொண்டுசென்று குறிப்பைப் புதிதாக எழுதினாலும் பொறி இயங்கும். ஆனால் அது தன்னைப் புதிய இடத்தில் புதிய பிறவியாகவே உணரும்.

அக்குறிப்பில் யாம் கண்டு வியந்த செய்தி ஒன்று. கியூஎமு இத்தகைய பழைய விருந்தினர்க்குக் காட்டும் தாய்ப்பலகை 440எஃப்எக்ஸ் என்னும் இன்டெல் பலகையாகும். அஃது 1996இல் வெளிவந்தது. சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் பிரிவதற்கு முந்தைய ஆண்டு! ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைச் செய்யும் புத்தம்புதிய பெட்டி, உள்ளே இருக்கும் முதியவர் மருளாதிருக்க, அவர் இளமையில் கண்ட பலகையின் வேடத்தைப் பூண்டுகொள்கிறது. உள்ளிருப்பவர்க்கு வெளியே ஆண்டுகள் கழிந்தது தெரியாது. பெயர்த்து வைத்தல் இயலுவதன் மறைபொருள் இதுவே. எக்ஸ்பி மெய்யான பலகையைக் கண்டதேயில்லை, கண்டது வேடத்தை. அதே வேடத்தை இன்னொரு பெட்டி பூணுமானால், தான் இடம்மாறியதையே அது அறியாது.

செவ்வாய்க்கிழமை வேலையைத் தொடங்கினோம். ஆய்வக உதவியாளரும், கணிப்பொறி அறிவியல் பயிலும் இளங்கலை மாணவி ஒருவரும் உடனிருந்தனர். மெய்நிகர்ப் பொறியை முறைப்படி நிறுத்தினோம். இயங்கும்போதே வட்டுக் கோப்பைப் படியெடுத்தல் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் படியெடுப்பது போன்றது அது. பாதி வரி பழையதாகவும் பாதி புதியதாகவும் அமையும். பின்னர்ப் பழைய பெட்டியைத் தேடினோம். 9 ஜிபி அளவில் ஒரு வட்டுக் கோப்பு கிடைத்தது. அதனையடுத்து 3 ஜிபி அளவில் மற்றொன்றும் வேறொரு கோப்புறையில் இருந்தது. பெரியதே முழுமையானது, சிறியது ஏதோ சோதனைக்காக வைத்தது எனக் கருதினோம். பெரியதை வலை வழியே புதிய பெட்டிக்கு அனுப்பினோம். நடுவே ஒருமுறை மின்சாரம் நின்றது. ஆர்சிங்க் என்னும் படியெடுக்கும் கருவி, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஏவப்பட்டிருந்தமையால், பெரிதாக இழப்பில்லை. விவரக் குறிப்பை எடுத்துச் செல்லும் சிரமம் எதற்கென்று, புதிய பெட்டியிலுள்ள வழிகாட்டித் திரையிலேயே 'இருக்கும் வட்டை ஏற்றுக்கொள்' என்பதைத் தெரிந்தெடுத்தோம்.

எக்ஸ்பி எழுந்தது. நீலவானும் பசும்புல்வெளியும் கொண்ட அந்தப் பழகிய காட்சி திரையில் விரிந்தது. உரிமத்தை மூன்று நாளில் மீண்டும் உறுதிசெய்ய வேண்டுமென்று ஓர் அறிவிப்பு வந்தது, அதனைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருக்க வேண்டும். பூட்டைச் செருகினோம், தமிழ் தோன்றியது. அகரமுதலி திறந்தது. செயலர் ஹாஜியார் அவர்களும் அறைக்கு வந்து பார்த்துவிட்டு, "அப்ப பழசை நாளைக்கே எடைக்குப் போட்டுரலாமே, பேராசிரியரே? இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கு" என்றார்கள். யாமும் இசைந்தோம். தேநீர் வந்தது.

தேநீர்க் கோப்பையுடன் கோப்புறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி, "ஐயா, மலர் 2017 வரைக்கும்தான் இருக்கு. 2018, 2019 எங்க?" என்றார்.

தேடினோம். இல்லை. அகரமுதலியின் இறுதித் திருத்த நாளைப் பார்த்தோம், 2017 சூன். பேராசிரியர் ஐயா தம் இறுதி ஐந்தாண்டுகளில் சேர்த்த சொற்கள் ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு பிழையும் காட்டாமல், ஓர் எச்சரிக்கையும் தராமல், முழுநலத்துடன் எழுந்து நின்ற அப்பொறி, ஐந்தாண்டுகளை மறந்த பொறி.

பெங்களூர் மாணவரைத் தொலைபேசியில் அழைத்தோம். ஒரு புதிய எழுத்துருவைச் சோதிக்கும் முன், பழுது நேரின் திரும்பிவர வழி வேண்டுமென்று, 2017இல் வட்டின்மேல் ஓர் அடுக்கு இட்டதாக அவர் நினைவுகூர்ந்தார். அடுக்கு இட்டபின், அடியிலுள்ள கோப்பு அந்நாளோடு உறைந்துவிடும். அதன்பின் எழுதப்படும் அனைத்தும் மேலடுக்கில் மட்டுமே சேரும். மூல ஓலையைத் தொடாமல், அதன்மீது கண்ணாடித் தாளை விரித்துத் திருத்தங்களைத் தாளில் எழுதுவது போன்றது இது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே இன்றைய பாடம் தெரியும். யாம் சோதனைக் கோப்பு என்று ஒதுக்கிய 3 ஜிபி கோப்பே அந்தக் கண்ணாடித் தாள். அதுவோ மறுநாள் எடைக்குப் போக இருந்த பெட்டியில் மட்டுமே இருந்தது.

"சார், அங்கே கொண்டுபோன அடிக்கோப்பைத் தூக்கிப் போட்ருங்க. மேலடுக்கை மட்டும் கொண்டுவந்து அதோட சேர்க்கவே சேர்க்காதீங்க" என்று அவர் அழுத்தமாகச் சொன்னார். காரணம் கேட்டோம். புதிய பெட்டியில் ஒருமுறை எக்ஸ்பி எழுந்தபோதே அவ்வடிக்கோப்பில் சிறிது எழுதியிருக்கும். மூல ஓலையில் வரிகள் நகர்ந்துவிட்டன. இனிப் பழைய கண்ணாடித் தாளை அதன்மீது வைத்தால் திருத்தங்கள் தவறான வரிகளின்மேல் விழும். பார்வைக்குச் சேர்ந்ததுபோல் தோன்றி உள்ளே சிதைந்திருக்கும். பழைய பெட்டியில் தீண்டப்படாமலிருக்கும் இணையே மெய்யான இணை.

கூடு விட்டுக் கூடு பாய்ந்தவர் பற்றிய கதைகளில், விட்டுச்சென்ற உடலைக் காத்துநிற்க ஒருவரை நிறுத்துவர். கதை கேட்ட காலத்தில் அதன் தேவை எங்களுக்கு விளங்கியதில்லை. செயலர் ஹாஜியார் அவர்களிடம் சென்று நிகழ்ந்ததை ஒளிக்காமல் கூறினோம். "அந்த ஆள் வெள்ளிக்கிழமை வேணாம், எப்ப சொல்றீங்களோ அப்ப வரட்டும்" என்று உடனே சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் முறை எதையும் ஊகத்துக்கு விடவில்லை. பொறியின் விவரக் குறிப்பையே முதலில் படித்தோம். அது எந்தக் கோப்பைத் தன் வட்டாகக் கருதுகிறதோ அதுவே மேலடுக்கு. கியூஎமுவின் கருவியைக் கொண்டு அக்கோப்பை வினவினால், தன் அடியில் எது உள்ளது, அதனடியில் எது உள்ளது என்று சங்கிலி முழுவதையும் சொல்லும். முன்னரே ஒரு வரி ஏவல் இட்டுக் கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. சங்கிலியை இரு கோப்பாகவே கொண்டுசெல்லவும் கூடும். ஆனால் அடிக்கோப்பின் முகவரி மேலடுக்கில் பொறிக்கப்பட்டிருப்பதால், புதிய பெட்டியிலும் அதே முகவரியில் வைக்க வேண்டும். யாம் அவ்வழியை விரும்பவில்லை. பழைய பெட்டியிலேயே இரண்டையும் ஒன்றாக உருக்கி ஒற்றைக் கோப்பாக, ஒரு வெளிவட்டில், வார்த்தெடுத்தோம். மூலங்கள் இரண்டும் தீண்டப்படவில்லை. பழுதுற்ற வட்டாதலால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. அவ்விரண்டு மணி நேரமும் அறையில் எவரும் பேசவில்லை.

வார்த்த கோப்புக்கு ஷா-256 என்னும் முறையில் முத்திரை எண் கணித்தோம். கோப்பிலுள்ள ஒரே ஒரு துகள் மாறினும் இவ்வெண் முழுவதும் மாறிவிடும். புதிய பெட்டியில் இறக்கியபின் மீண்டும் கணித்து இரண்டையும் ஒப்பிட்டோம். மாணவி ஒரு தாளில் எழுதி எழுத்தெழுத்தாகப் படிக்க, உதவியாளர் சரிபார்த்தார். ஒத்திருந்தன.

இம்முறை விவரக் குறிப்பையும் உடன் கொண்டுசென்றோம். வலையட்டை எண்ணும் பொறியின் அடையாள எண்ணும் அதில் உள்ளன. முதல் முறை உரிமம் பற்றிய அறிவிப்பு வந்ததற்குக் காரணம் அவை புதிதாகப் பிறந்தமையே. எக்ஸ்பி தன்னைச் சூழ்ந்த உறுப்புகளைக் கணக்கிட்டு, பல ஒருசேர மாறியிருப்பின் வேறு கணிப்பொறிக்குக் களவாகச் சென்றதாக ஐயுறும்; அக்கணக்கில் வலையட்டை எண்ணுக்கு மதிப்பு மிகுதி. குறிப்பைக் கொண்டுசென்றபின் அவ்வறிவிப்பு வரவில்லை.

வேறொன்று வந்தது. பழைய பெட்டியில் இருந்தது உபுண்டு 14.04, புதியதில் டெபியன் 12. இரண்டும் லினக்ஸே. ஆயினும் உபுண்டு தன் பதிப்பின் செல்லப்பெயரைப் பலகையின் பெயரோடு ஒட்டிவிடும் வழக்கமுடையது. அப்பதிப்பின் பெயர் டிரஸ்டி. 'டிரஸ்டி' என்னும் பெயருடைய பலகையை அறியோம் என்று டெபியன் மறுத்தது. எங்கள் கல்லூரி டிரஸ்டிகள் எவரும் இதற்குப் பொறுப்பாளர் அல்லர் என்பதை இங்கே பதிவு செய்கிறோம். குறிப்பில் அச்சொல்லை நீக்கி, பொதுப் பெயரை இட்டவுடன் தடை நீங்கியது. செயலி பற்றியும் ஒரு சொல்: பழைய பெட்டி இன்டெல், புதியது ஏ.எம்.டி. உள்ளிருக்கும் பொறிக்கு மெய்யான செயலியை அப்படியே காட்டும்படி குறிப்பு எழுதப்பட்டிருந்தால், இம்மாற்றத்தில் எக்ஸ்பி நீலத்திரையாகி விழக்கூடும். எங்கள் மாணவர் தொடக்கத்திலேயே பொதுவகைச் செயலியின் பெயரை எழுதிவைத்திருந்தார்.

பூட்டு சிறிது அலைக்கழித்தது. பழைய குறிப்பு அதனை 'இன்ன வாயில், இன்ன வரிசை' என்று இடத்தால் சுட்டியிருந்தது. புதிய பெட்டியில் அவ்விடத்தில் சுட்டி இருந்தது! தயாரிப்பாளர் எண்ணாலும் பொருள் எண்ணாலும் சுட்டும்படி மாற்றினோம்; எவ்வாயிலில் செருகினாலும் இனிக் கண்டுகொள்ளும். வலைத்தொடர்பை முற்றாகத் துண்டித்தோம். 2014க்குப் பின் காவலற்றுப் போன இயங்குதளத்தை இணையத்தில் உலவவிடுதல் தகாது. கோப்புகள் வெளியே வர ஒரு சிறு மெய்நிகர் வட்டைத் தனியே வைத்தோம்.

ஓடும்போதே பெயர்த்துவைக்கும் முறையும் ஒன்று உண்டென்பதை ஆர்வலர்க்காகக் குறிப்பிடுகிறோம். நினைவகத்தை முதலில் முழுதும் அனுப்பி, அதற்குள் மாறிய பக்கங்களை மீண்டும் அனுப்பி, மிச்சம் மிகச் சிறிதானபின் கணநேரம் நிறுத்தி மறுபுறம் தொடங்குவர். கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் ஆய்வாளர் 2005இல் சென் கொண்டு இதனைச் செய்துகாட்டியபோது, பலர் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டுப் பொறி நின்றது நொடியில் 60 ஆயிரத்தொரு பங்கு நேரமே. பெரிய நிறுவனங்களுக்கு அது வேண்டும். எங்கள் ஆள் அவசரமில்லாதவர்.

வியாழன் மாலை எக்ஸ்பி எழுந்தது. இம்முறை யாரும் தேநீர் கேட்கவில்லை. 2018, 2019 மலர்கள் இருந்தன. அகரமுதலியின் இறுதித் திருத்த நாள் 2022ஆம் ஆண்டினதாக இருந்தது. அதனோடு அமையாமல், பேராசிரியர் ஐயா தம் கையால் திருத்தி வைத்திருந்த பழைய மெய்ப்புத் தாளொன்றை எடுத்து, அதே பக்கத்தை அச்சிட்டு அருகில் வைத்துப் பார்த்தோம். ககரத்தின் கீழிட்ட புள்ளிகள் இருந்த இடத்தில் இருந்தன. தாளில் அவர் சிவப்பு மையால் சுழித்த பிழையொன்று அச்சில் திருந்தியிருந்தது.

இனி அகரமுதலியை யூனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும். மெய்நிகர்ப் பொறி எத்தனை முறை குடிபெயர்ந்தாலும் விரலளவுப் பூட்டு ஒன்றுதான். அது பழுதானால் செய்துதர அந்நிறுவனம் இன்று இல்லை. புள்ளியிட்ட எழுத்துகளுக்கான மாற்றுப் பட்டியலை அம்மாணவியே உருவாக்கிவருகிறார். ஒவ்வொரு சொல்லையும் பழைய திரையில் பார்த்து, புதிய திரையில் ஒப்பிட்டு, ஐயமிருப்பின் அரபுத்துறை ஆசிரியரிடம் கேட்டு உறுதிசெய்கிறார். இம்மலர் அச்சுக்குச் செல்லும் நாளில் 'த'கர வரிசை வரை முடிந்துள்ளது. பழைய பெட்டி எடைக்குப் போகவில்லை. துறையின் இரும்பு அலமாரியில், அகரமுதலிச் சீட்டுகளின் கீழ்த்தட்டில் இருக்கிறது. சாவி துறைத்தலைவரிடம் உள்ளது.